ஐயரம்மா பதில்கள்: அரை வசனம் போதும்

போன இதழில் ஒரு கல்லூரி மாணவிக்கு, "இன்றைக்கு அதிகாரம் வாசிக்க வேண்டாம். நேற்று வாசித்ததில் ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்" என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேஜையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. "போதகருடைய மனைவி, ஒரு ஐயரம்மாவே வேதம் வாசிக்க வேண்டாம் என்று சொல்லலாமா?" என்று சிலர். "சரி, உட்கார்ந்தேன், அப்புறம்?" என்று பலர். இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் இந்த மாதப் பக்கம். முதல் கூட்டத்துக்கும் போகிற போக்கில் பதில் கிடைக்கும்.

ஐயரம்மாவுக்கு ஸ்தோத்திரம். காலை நாலரைக்கு எழுந்து, ஒரு வருடத்தில் வேதத்தை முடிக்கிற அட்டவணைப்படி தினமும் மூன்று நான்கு அதிகாரம் வாசிக்கிறேன். ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கும்போது என்ன வாசித்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். ஆண்டவரிடம் நெருங்கினதாகத் தோன்றவில்லை. தியானம் என்றால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?
ஒரு வாசகி, திசையன்விளை

மகளே, மற்றவர்கள் புரண்டு படுக்கிற நேரத்தில் எழும்புகிறாயே, அதுவே பெரிய காரியம். வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். 365 நாளுக்குப் பங்கு போட்டால் நாளைக்கு மூன்றேகால் வரும். அந்தக் கணக்கை ஒரு தரமாவது முடிப்பது நல்லதுதான். ஆதியாகமத்தைப் பத்து முறை வாசித்துவிட்டு லேவியராகமத்தைத் தாண்டாதவர்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். ஆனால் அது வாசிப்பு. நீ கேட்கிற காரியம் வேறு.

12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்து மலைமடம் ஒன்றில் கீகோ என்று ஒரு துறவி இருந்தார். இதை நான்கு படியாகச் சொல்லிவைத்தார். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, ஜெபம் அதன் ருசியைக் கண்டுகொள்கிறது, நான்காவது படியில் அந்த இனிப்பு மட்டுமே இருக்கிறது. உன் விஷயத்தில் என்ன நடக்கிறதென்று இப்போது உனக்கே தெரிந்திருக்கும். முதல் படியிலேயே நாலு அதிகாரத்தை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடுகிறாய்.

நாளைக் காலையில் மாற்கு 10ஆம் அதிகாரத்தை எடு. 46 முதல் 52 வரை, ஏழே வசனம். எரிகோவுக்குப் பக்கத்தில் வழியோரமாக உட்கார்ந்து பிச்சை எடுத்த பர்திமேயுவின் கதை. ஞாயிறு பள்ளியிலேயே கேட்டதுதானே என்று தள்ளிவிடாதே. உன் காதுக்கு மட்டும் கேட்கிற சத்தத்தில் ஒரு முறை வாசி. இரண்டாம் முறை மெதுவாக வாசி. எங்கேயோ ஒரு இடம் உன்னைப் பிடித்து நிறுத்தும். நின்றுவிடு. அதற்கு மேல் வாசிக்காதே.

என்னை நிறுத்துகிற இடம் 50ஆம் வசனம். "உடனே அவன் தன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு, எழுந்து, இயேசுவினிடத்தில் வந்தான்." அவன் கண் தெரியாதவன். அவ்வளவு கூட்டத்தில் எறிந்ததைத் திரும்பப் போய்த் தேடி எடுக்க முடியுமா? பிச்சைக்காசு விழுகிற துணியே அதுவாக இருந்திருக்கலாம். யாத்திராகமம் 22ஐப் புரட்டிப் பார். ஏழையின் வஸ்திரத்தை அடகாக வாங்கினால் பொழுது போகுமுன்னே திருப்பிக் கொடு, அவன் போர்த்துக்கொண்டு படுக்க வேறே என்ன இருக்கிறது என்று சட்டம். அப்படியானால் பர்திமேயு எறிந்தது அவனுடைய படுக்கையையும் சேர்த்துத்தான். பார்வை கிடைக்கும் முன்னாலேயே எறிகிறான். இதை நான் எந்த விளக்கவுரையையும் பார்த்துச் சொல்லவில்லை. அந்த வசனத்தோடு உட்கார்ந்தால் தானாக இவ்வளவு தூரம் போகும். மெல்லுவது என்பது இதுதான்.

அதற்குப் பிறகு பேசு. "ஆண்டவரே, நான் எதை விரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறேன்?" என்று கேள். அது என்னவென்று நான் சொல்ல முடியாது. பிறந்த வீட்டுப் பங்கைப் பற்றின மனத்தாங்கலாக இருக்கலாம், "நான் இல்லாவிட்டால் இந்த வீடு ஓடாது" என்ற நினைப்பாக இருக்கலாம். பேசி முடித்ததும் ஒன்றிரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு அவரோடு இரு. பதில் வந்தே தீர வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்காதே. பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

எழுந்து போகும்போது அரை வசனத்தை மட்டும் கையோடு எடுத்துக்கொள். அடுத்த வசனத்திலேயே இருக்கிறது: "நான் உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய்." இட்லிச் சட்டியில் ஆவி வரும்வரை நிற்கிறாயே, அப்போது அவர் உன்னைப் பார்த்துக் கேட்பதாக வைத்துக்கொள். மனதில் வருகிற முதல் பதிலைச் சொல். குழுக்கடன் என்று வந்தால் குழுக்கடன். ஆவிக்குரிய பதிலாகத் தேடிப் பொறுக்காதே. அவன் "பார்வை வேண்டும்" என்று நேராகத்தான் கேட்டான். அதே பகுதியை அந்த வாரம் முழுக்க வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

அட்டவணையைக் கிழித்துப் போட வேண்டாம். இரண்டு வருடத் திட்டமாக்கிக்கொண்டு சாயங்காலத்தில் வாசி. பரலோகத்தில் யாரும் முடித்த சான்றிதழ் கேட்கப்போவதில்லை.

தியானம் மற்ற மதத்தாருடைய காரியம், மனதைக் காலியாக்கினால் அசுத்த ஆவி உள்ளே வந்துவிடும் என்று எங்கள் ஜெபக்குழுவில் ஒரு அண்ணன் எச்சரித்தார். அவர் சொல்வது சரியா? பயமாக இருக்கிறது.
ஒரு வாசகர், நாகர்கோவில்

தம்பி, அந்த அண்ணன் மத்தேயு 12ஐ மனதில் வைத்துப் பேசுகிறார். பெருக்கி ஜோடித்து வெறுமையாக விட்ட வீட்டுக்குள் பழைய ஆவி இன்னும் ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்த கதை. எச்சரிப்பு வசனப்படி சரிதான். ஆனால் வெறும் வீடாக விடச் சொல்வது யார்? இந்தப் பக்கத்தில் சொல்லப்படுவதெல்லாம் வீட்டுக்காரரை உள்ளே அழைத்து உட்காரவைக்கிற வேலை.

வேதத்தில் தியானம் பண்ணினதாகச் சொல்லப்படுகிற முதல் ஆள் ஈசாக்கு. சாயங்கால வேளையில் தியானம்பண்ண வெளியிலே போயிருந்தான், ஆதியாகமம் 24:63. கண்ணை ஏறெடுத்துப் பார்க்கிறான், எதிரே ஒட்டகங்கள், ரெபெக்காள் வருகிறாள். முதல் சங்கீதம் தியானமாயிருக்கிற மனுஷனைப் பாக்கியவான் என்கிறது. 176 வசனம் உள்ள 119ஆம் சங்கீதத்தில் எத்தனை இடத்தில் "தியானிப்பேன்" வருகிறது என்று அண்ணனையே எண்ணிப் பார்க்கச் சொல்.

4ஆம் நூற்றாண்டின் கடைசியில் காசியன் என்பவர் எகிப்து வனாந்தரத்துத் துறவிகளிடம் ஜெபம் படிக்கப் போனார். அங்கே கற்றுக்கொடுத்த பெரியவர் பெயரும் ஈசாக்குதான். அவர் கொடுத்தது ஒரே ஒரு வசனம், சங்கீதம் 70:1. "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." பசி வந்தாலும் இதுதான், தூக்கம் வராவிட்டாலும் இதுதான், கோபம் வந்தாலும், நான் பெரிய பக்திமான் என்ற எண்ணம் வந்தாலும் இதுதான். திரும்பத் திரும்ப, நாள் முழுக்க. வீண்வார்த்தைகளை அலப்புவது என்று இதைச் சொல்ல முடியாது. மனதார ஒரே கூப்பிடுதலைக் கூப்பிடுகிறவன் அலப்புகிறவன் இல்லை. பர்திமேயுவும் "எனக்கு இரங்கும்" என்று திரும்பத் திரும்பத்தான் கத்தினான்.

இதே வசன முறை நம்மவர் ஒருவர் வழியாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது உனக்குத் தெரியுமோ என்னமோ. 1950களில் மலாயாவில் பிரிட்டிஷ் அரசு வேலையில் இருந்த ஜான் மெயின், கோலாலம்பூரில் சுவாமி சத்யானந்தா என்ற தமிழ்ச் சாமியாரைச் சந்தித்தார். எனக்கும் தியானம் சொல்லித்தருவீர்களா என்று கேட்டார். நீ கிறிஸ்தவன், கிறிஸ்தவனாகவே செய் என்று சொல்லி, ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் உட்காரச் சொன்னார் சுவாமி. பிற்பாடு ஜான் மெயின் பெனடிக்ட் சபைத் துறவியானார். காசியனை வாசித்தபோது, மலாயாவில் கேட்டது ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்னாலேயே தன் சொந்த வீட்டில் இருந்ததைக் கண்டார். 1975இல் லண்டனில் தியான நிலையம் ஆரம்பித்தார். அவர் சிபாரிசு செய்த வார்த்தை "மாரநாதா", கர்த்தாவே வாரும் என்கிற கூப்பிடுதல். 1 கொரிந்தியர் கடைசியில் இருக்கிறது.

நம் பக்கத்திலேயே குளித்தலைக்கு அருகில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில், 1950இல் இரண்டு பிரெஞ்சுக் குருமார் ஆரம்பித்த சாந்திவனம் இருக்கிறது. 1968இல் வந்த பீட் கிரிஃபித்ஸ் 1993இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அங்கே ஆராதனையில் ஆரத்தி எடுப்பதையும் மற்ற சமய நூல்கள் வாசிப்பதையும் பார்த்து நம் சபையார் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். நானும் எல்லாவற்றுக்கும் தலையாட்ட மாட்டேன். ஆனால் ஒரு மணி நேரம் பேசாமல் ஆண்டவர் முன்னால் இருக்க அங்கே உள்ளவர்களால் முடிகிறது. நம் ஜெபக்கூட்டங்களில் மைக் ஒரு நிமிடம் நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறோம்.

கண்ணை மூடினால் ஆபீஸ் ஞாபகம், இல்லாவிட்டால் தூக்கம். வேலை சென்னையில். காலை எலெக்ட்ரிக் ட்ரெயினில்தான் எனக்கு நேரம். போனில் பைபிள் ஆப் வைத்திருக்கிறேன்.
ஒரு வாசகர், தாம்பரம்

தூக்கம் வந்தால் கண்ணைத் திறந்துகொண்டு செய், தம்பி. கெத்செமனேயில் சீஷர்களே தூங்கினார்கள், இயேசு அவர்களைத் தலைமுழுகி விடவில்லை. ராத்திரி பன்னிரண்டரைக்குப் படுத்துவிட்டுக் காலையில் தூக்கம் வருகிறது என்றால் அதற்கு ஆவிக்குரிய பதில் என்னிடம் இல்லை.

ஆபீஸ் ஞாபகத்தோடு சண்டை போடாதே. மேனேஜர் முகம் வந்தால், "ஆண்டவரே, இவரும் உம்முடைய பிள்ளைதான், பாரும்" என்று ஒப்படைத்துவிட்டு வசனத்துக்குத் திரும்பு. நூறு தரம் போனால் நூறு தரம் திரும்பு. திரும்புகிறதே ஜெபம்தான், ஒரு தரம்கூட ஓடாத மனது இருந்தால் அதைக் காட்சிக்கு வைக்கலாம். செய்ய மறந்த வேலை ஏதாவது நினைவுக்கு வந்தால் ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துவிடு, மூளை விட்டுவிடும்.

ஆப் பற்றி: பத்தாவது வசனம் படிக்கும்போது மேலே இருந்து ஒரு வாட்ஸ்ஆப் இறங்கும். முந்தின ராத்திரியே அரை வசனத்தைக் கையால் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள். போன் பைக்குள்ளேயே கிடக்கட்டும். ட்ரெயினில் நின்றுகொண்டு, மூச்சு உள்ளே போகும்போது "கர்த்தராகிய இயேசுவே", வெளியே வரும்போது "எனக்கு இரங்கும்". கிழக்கத்திய திருச்சபைகளில் நூற்றாண்டுக் கணக்காகச் சொல்லிவருகிற ஜெபம் இது. கிண்டியில் கூட்டம் நெருக்கினாலும் இதற்கு இடம் இருக்கும்.

முட்டுவலி. முழங்கால் போட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தியானம் பண்ணலாமா?
ஒரு வாசகி, சாயர்புரம்

தாராளமாக. முதுகு நேராக, கால் தரையில் படும்படி உட்காருங்கள் அம்மா. தாவீது படுக்கையிலேயே தியானித்ததாக 63ஆம் சங்கீதம் சொல்கிறது.

முன்பெல்லாம் ஜெபத்தில் உட்கார்ந்தாலே கண்ணீர் வரும். ஒரு வருடமாக ஒன்றுமே இல்லை. சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டாரா? நான் செய்த பாவம் எதுவோ?
பெயர் வேண்டாம், தூத்துக்குடி

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன், மகளே. முதலில் உடம்பைக் கேட்கிறேன். தூக்கம் சரியாக இருக்கிறதா? சாப்பாடு இறங்குகிறதா? எதிலுமே விருப்பம் இல்லாமல், காலையில் எழும்பவே முடியாமல் இருக்கிறதா? அப்படியானால் டாக்டரைப் பார். அவிசுவாசம் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. சாகப் போகிறேன் என்று படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, சாப்பிடச் சொல்லித் தூங்க விட்டான்.

உடம்பு சரியாக இருந்து, ஜெபத்தில் மட்டும் வறட்சி என்றால், நீ தனியாக இல்லை. மதர் தெரசா 1997இல் காலமானார். பத்து வருடம் கழித்து அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோதுதான், ஐம்பது வருடத்துக்குக் கிட்ட அந்த அம்மாளுக்கு உள்ளே இருட்டுத்தான் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அத்தனை வருடமும் விடியற்காலையில் சிற்றாலயத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். 88ஆம் சங்கீதத்தை வாசி. மற்ற புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் எப்படியாவது ஸ்தோத்திரத்துக்கு வந்துவிடும். இது வராது, இருளிலேயே முடியும். அதையும் சேர்த்துத்தான் வேதமாகக் கொடுத்திருக்கிறார்.

இஞ்ஞாசியார் என்று 16ஆம் நூற்றாண்டு ஸ்பானிய சிப்பாய், பீரங்கிக் குண்டில் கால் நொறுங்கி, பிறகு இயேசு சபையை ஆரம்பித்தவர், இதற்கு ஒரு முரட்டு யோசனை சொல்கிறார். வறண்ட காலத்தில், நன்றாக இருந்தபோது எடுத்த எந்தத் தீர்மானத்தையும் மாற்றாதே. ஜெபத்தைக் குறைக்கத் தோன்றினால், குறித்த நேரத்துக்கு மேல் கொஞ்சம் கூடவே இரு. எனக்கு இது பிடிக்கும். நீ பத்து நிமிடம் என்றால் பதினொன்று இரு. கண்ணீர் வராவிட்டால் வராது. "கண்ணீர் வரவில்லை ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு எழும்பு. பாவத்தைத் தோண்டித் தோண்டித் தேடாதே. தெரிந்த பாவம் இருந்தால் அறிக்கை செய், முடிந்தது.

கணவர் படுத்த படுக்கை. புரட்டிப் போட, துடைக்க, ஊட்ட, துணி அலச என்று பொழுது போய்விடுகிறது. உட்கார்ந்து ஜெபிக்கப் பத்து நிமிடம் கிடையாது. குற்ற உணர்வாக இருக்கிறது.
ஒரு வாசகி, 71 வயது, நாசரேத்

அக்கா, நீங்கள் உட்கார வேண்டாம்.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் லாரன்ஸ் என்று ஒரு சகோதரர். இவரும் முன்னாள் சிப்பாய், இவருக்கும் காலில் காயம் (காயம்பட்ட சிப்பாய்களுக்குத் தியானம் நன்றாக வரும் போலிருக்கிறது). படிப்பு இல்லை என்று அடுப்படியில் போட்டார்கள். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் கோவிலில் மண்டியிடுகிற நேரமும் சட்டி பானை சத்தத்துக்கு நடுவே நிற்கிற நேரமும் எனக்கு ஒன்றுதான் என்று சொல்லுகிற இடத்துக்கு வந்தார். செய்கிற வேலையை ஆண்டவரிடம் பேசிக்கொண்டே செய்வார். மறந்துபோனால், ஞாபகம் வந்த இடத்தில் திரும்ப ஆரம்பிப்பார். அவ்வளவுதான் அவருடைய முறை.

என் மாமியார் பக்கவாதத்தில் குருமனைப் பின்கட்டில் படுத்திருந்த காலத்தில், இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார்கள். இடது பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுக்கும்போது 121ஆம் சங்கீதத்தில் நாலாம் வசனத்தைச் சொல்வேன். "இதோ, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை" என்று நான் நிறுத்துவேன், "தூங்குவதுமில்லை" என்று அவர்கள் கோணின வாயால் முடிப்பார்கள். ஒரு நாள் நடுராத்திரி, "அவர் தூங்காட்டா போறாரு, எனக்குத் தூக்கம் வருது, லைட்டை அணைட்டி" என்றார்கள். அன்றைக்கு அதுதான் எங்கள் தியானம்.

உங்களுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி வைத்துக்கொள்ளுங்கள். துடைக்கும்போது ஒன்று, கஞ்சி ஊட்டும்போது ஒன்று. மாற்ற வேண்டாம், அதுவே பழகட்டும். ஐயாவுக்குக் காது கேட்டால் சத்தமாகவே சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள் சபையிலிருந்து யாரையாவது ஒரு மணி நேரம் வந்து உட்காரச் சொல்லிவிட்டு, நீங்கள் போய்ப் படுத்துத் தூங்குங்கள். உங்கள் சபை ஐயரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தை வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.

ராத்திரி குடும்ப ஜெபத்தில் தாத்தா முக்கால் மணி நேரம் ஜெபிப்பார். உலகத்து நாடுகள் எல்லாம் முடிந்து எங்கள் தெருவுக்கு வரும்போது நானும் தம்பியும் தூங்கிவிடுவோம். பிள்ளைகளுக்குத் தியானம் உண்டா?
பத்தாம் வகுப்பு மாணவி, மெஞ்ஞானபுரம்

உண்டு, பிள்ளை. தாத்தாவை நிறுத்தாதே, அவர் ஜெபித்த நாடுகளில் ஒன்றிரண்டாவது அதனால் தப்பியிருக்கும். நீயும் தம்பியும் பாய் விரிக்கிற நேரத்தில் மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். இதுவும் இஞ்ஞாசியாரின் பழக்கத்திலிருந்து நான் பிள்ளைகளுக்காகச் சுருக்கினது. காலை முதல் ராத்திரி வரை நடந்ததை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஆண்டவருக்கு நன்றி சொல்ல ஒன்று, மன்னிப்புக் கேட்க ஒன்று, நாளைக்கு உதவி கேட்க ஒன்று. ஆளுக்கு ஒன்றாகச் சொன்னால் போதும். "நல்ல நாளுக்காக ஸ்தோத்திரம்" என்று பொதுவாகச் சொல்லக் கூடாது, "கணக்கு டீச்சர் இன்றைக்குத் திட்டவில்லை" என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். தம்பி உன்மேல் புகார் சொல்ல இதைப் பயன்படுத்துவான். அவனவன் தன் பாவத்தை மட்டும் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே சட்டம் போட்டுவிடு.

இந்தப் பதிலை மட்டும் தாத்தா கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.